சீன மந்திரியின் சாவு

மாயாண்டி ஓங்கிய குச்சியைப் பூரணி பாய்ந்து பிடித்தாள். தப்புப் பறைக்கும் குச்சிக்கும் நடுவே அவள் விரல்கள் நசுங்கின.

"அடிக்காதீங்க அண்ணே! சாவுத் தப்பு துரை பங்களாவுக்குக் கேட்டா எல்லாம் போச்சு!"

தொழிலாளர் குடியிருக்கும் லயக் காம்பராவுக்குள் அவள் அப்பா பொன்னையா அப்போதுதான் அடங்கியிருந்தார். அம்மா பேச்சியம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாள்.

டயகமத் தேயிலைத் தோட்டத்தின் வேலைநிறுத்தத்துக்குத் தலைவர் சோலைமலை; மூளை பொன்னையா. கொழுந்து பொங்கும் வாரமாகப் பார்த்துக் கூடையை இறக்கச் சொன்னவரும், துரையிடம் தூது போனவரும் அவரே. அவருக்குப் பிடித்த கதை ஒன்று உண்டு. பழைய சீனத்தில் படைக்கு யோசனை சொல்லி, அயல் அரசனிடம் தூதும் போன மந்திரி பாசறையில் நோயில் விழுந்தான். 'நான் செத்தால் அழாதீர்கள், வெளியே சொல்லாதீர்கள்' என்றான். அவன் உயிரோடிருப்பதாக எண்ணிய எதிரி பயந்து கிட்ட வரவில்லை. படை பத்திரமாக ஊர் திரும்பியது. சொல்லிச் சொல்லிப் பொன்னையாவுக்கே 'சீன மந்திரி' என்று பெயர் விழுந்துவிட்டது.

நாலு நாளாக அட்டன் நகரில் பேச்சுவார்த்தைக்குப் போயிருந்த சோலைமலை அன்று காலைதான் திரும்பியிருந்தார்.

"மறைச்சிருவோம் மாமா. அந்த மந்திரிக்குச் செஞ்ச மாதிரியே" என்றாள் பூரணி. மாயாண்டியைத் தப்போடு பின்பக்கம் தள்ளினாள்.

வாசலில் சப்பாத்துச் சத்தம். தோட்ட ஆபீசின் பெரிய கிளாக்கர் செல்வரத்தினம்!

"சோலைமலை! துரை இறங்கி வந்திட்டார். வேலையால நிப்பாட்டின எல்லாரையும் திரும்ப எடுக்கிறாராம். தன்ர காரை மறிச்ச மாயாண்டி குடும்பம் மட்டும் லயத்தை விட்டுப் போகவேணும். பொன்னையா என்ன சொல்லுறார்?"

சோலைமலை உள்ளே வந்து குரலைத் தாழ்த்தினார். "ஒத்தக் குடும்பம் புள்ள. விட்டுக் குடுத்துருவோம். புள்ளைங்க பசி தாங்காது."

"அப்பா சொல்லிட்டுத்தான் போனாரு. ஒரு ஆள விட்டாலும் கையெழுத்து வைக்கக் கூடாதுன்னு."

"எப்ப சொன்னாரு?"

"விடியக்காலம்."

பேச்சியம்மா தலையைத் தூக்கி மகளைப் பார்த்தாள். முந்தானையை எடுக்கவில்லை.

பொன்னையா சொல் என்றால் மறுபேச்சு ஏது? சோலைமலை நிமிர்ந்து வெளியே போனார்.

"மாயாண்டியும் இருக்கணுமாம் ஐயா. இல்லாட்டி கொழுந்து முத்தட்டும்னு அண்ணன் சொல்லிட்டாரு."

செல்வரத்தினம் எட்டிப் பார்த்தார். கம்பளிக்குள் பொன்னையா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். பூரணி அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். கால் சில்லிட்டிருந்தது.

"படுக்கையிலையும் இந்த மனுசன் அடங்கேல்லை!" முணுமுணுத்தபடி அவர் இறங்கிப் போனார். சோலைமலையும் பின்னால் போனார்.

உச்சிப் பொழுதில் சோலைமலை மூச்சிரைக்க மேலேறி வந்தார். "துரை கையெழுத்து வச்சிட்டாரு! மாயாண்டியும் உண்டு!"

தப்பு அதிர்ந்தது. மாயாண்டி அடித்த அடியில் பள்ளத்து லயங்களெல்லாம் மேலே திரண்டன.

பேச்சியம்மா வாயிலிருந்து முந்தானையை உருவினாள்.

"முந்தாநாளே பேச்சடைச்சு
மூச்சு மட்டும் இழுத்தீகளே...
ஒத்த வார்த்த சொல்லாம
ஒறங்கித்தான் போனீகளே..."

சோலைமலை மெல்லத் திரும்பிப் பூரணியைப் பார்த்தார்.

அவள் நிமிரவில்லை. அப்பாவின் தாடையில் நெகிழ்ந்திருந்த வாய்க்கட்டை அவிழ்த்து, இன்னொரு முறை இறுக்கிக் கட்டினாள்.