வெங்கிணாந்தி வாங்க வந்தவர்

1

இந்தக் கதையில் எனக்குச் சொந்தமில்லாதது ஒரேயொரு வசனம். மன்னார் போகும் பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் இருந்த முதிய பெண், சன்னலுக்கு வெளியே பார்த்தபடி அதைச் சொன்னார்: "பாம்பு வாங்க வந்தவரிட்ட அண்டைக்கு நான்தான் கேள்வி கேட்டனான்." நான் திரும்பிப் பார்ப்பதற்குள் அவர் இறங்கவேண்டிய தரிப்பு வந்துவிட்டது. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு தனியே இறங்கிப் போனார்.

என்ன கேள்வி, எந்த நாள், எந்தப் பாம்பு, வந்தவர் யார், ஒன்றும் தெரியாது. ஜொஹறா என்ற பெயரும் நான் வைத்ததுதான். கீழே வருவதெல்லாம் அந்த ஒரு வசனத்தைச் சுற்றி நான் கட்டிய வீடு. தனியே உள்ளே போக எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்களும் கூட வந்தால் நல்லது.

2

தொடக்கங்கள்.

"ஜொஹறாவுக்குச் சின்ன வயதிலிருந்தே பாம்பென்றால் உயிர்—"

பொய். அப்படிப்பட்டவளை எனக்குத் தெரியாது.

"ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்தாறாம் ஆண்டு, வவுனியாவில் ஊரடங்கு தளர்த்தப்பட்ட ஒரு—"

இதுவும் வேண்டாம். வரலாற்றுப் பாடம் மாதிரித் தொடங்கினால் வாசிக்கிறவர் பயப்படமாட்டார், குறிப்பெடுப்பார்.

"ஜொஹறாவுக்குக் கடையிலிருந்த எல்லாவற்றையும் கண்டு பயம்."

இது நிற்கும்.

3

கடை அவளுடைய கணவன் மஹ்றூப்பினுடையது. வவுனியா கடைத்தெருவில் கிளியும் கலர் மீனும் விற்றுக்கொண்டிருந்தவர். ரெயிலில் வந்து போகிற ஆட்கள் கேட்கக் கேட்க, முதுகில் நட்சத்திரக் கோடு போட்ட காட்டாமையைக் கொண்டுவந்து வைத்தார். ஆமைக்குப் பின்னால் பச்சைப்பாம்பு வந்தது. கடைசியாக வெங்கிணாந்திக் குட்டி ஒன்று வந்தது. மலைப்பாம்பைத்தான் அந்தப் பக்கத்தில் வெங்கிணாந்தி என்பார்கள். கேட்டவனுக்குக் கொடுத்து அனுப்புவதுதான் மஹ்றூப்பின் வியாபாரம்.

ஒருநாள் ஒருவர் ஆமையைத் திருப்பிக் கொண்டுவந்தார். ஓட்டுக்குப் பெயின்ற் அடித்திருந்தது. உள்ளே ஆமை காய்ந்துபோய்க் கிடந்தது. "இது பழுதாப்போச்சு, வேற ஒண்டு மாத்தித் தாங்கோ" என்றார், பியூஸ் போன பல்பைத் தருகிறவர் மாதிரி.

அன்றிலிருந்து ஜொஹறா கடையின் முன்பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒன்றையும் கையால் தொடமாட்டாள். ஆனால் பயந்தவளின் கவனம் இருந்ததே, அது மஹ்றூப்புக்குச் சாகும்வரை வந்திருக்காது. கம்பிவலை மூடிக்கு இரண்டு கொளுக்கி போட்டாள். அதன் மேல் ஒரு கல். தெருவில் போகிறவர்கள் தட்டாமலிருக்கக் பெட்டிக் கண்ணாடியின் தெருப்பக்கத்தில் பேப்பர் ஒட்டினாள். வெயில் ஏறினால் மூடியில் ஈரச்சாக்கு. பாம்புப் பெட்டிக்குள் உடைந்த சட்டி ஒன்றைக் கவிழ்த்து வைத்தாள். "ஒளிக்க இடமில்லாட்டி அதுக்கும் நெஞ்சிடிக்கும்தானே" என்றாள்.

வாங்க வருகிறவர்களிடம் கேட்பாள்: எங்க வைப்பீங்கள்? என்ன தீன் குடுப்பீங்கள்? வீட்டில குழந்தைப்பிள்ளை இருக்கோ? வளந்தாப் பிறகு என்ன செய்வீங்கள்? மஹ்றூப் நானாவின் கடையில் ஆமை வாங்குவது பொம்பிளை கேட்டுப் போகிற மாதிரி என்று ஊருக்குள் கதை. பாதிப் பேர் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

"கேள்வி கேட்டே கடையைப் பூட்டப்போறாய்" என்றார் மஹ்றூப்.

"அதுகளுக்கு வாயிருந்தா அதுகளே கேக்கும். நான் என்னத்துக்கு?"

4

ஜீப் வந்து நின்றது.

(இறங்கியவரின் சீருடை என்ன நிறம் என்று எழுதவில்லை. எழுதினால் நீங்கள் உடனே ஒரு பக்கம் போய் நின்றுகொள்வீர்கள். அதைவிட, எழுத எனக்கும் துணிவில்லை. 'இறங்கியவன்' என்றுதான் முதலில் எழுதினேன். கை தானாக 'இறங்கியவர்' ஆக்கியது. மரியாதை என்று நினைத்துக்கொள்ளுங்கள்.)

அவர் நேரே வெங்கிணாந்தியின் பெட்டிக்குப் போனார். குட்டி சட்டிக்கு அடியில் சுருண்டு கிடந்தது. வால் மட்டும் வெளியே.

"கடிக்குமா?"

"கடிக்கும். நஞ்சில்லை" என்றாள் ஜொஹறா.

"பெரிசா வளருமா?"

"ஆளைவிட நீளமா வளரும்."

"நல்லது. கட்டித் தாங்கோ."

மஹ்றூப் அதற்குள் சாக்கை எடுத்துவிட்டார். கொடுத்திருக்கலாம். ஆனால் பழகிய வாய்.

"எங்க வைப்பீங்கள்?"

மஹ்றூப்பின் கை சாக்கோடு நின்றது. வந்தவர் சிரித்தார்.

"முகாமில. ஒரு அறை கிடக்கு."

"காத்து வெளிச்சம் வருமோ?"

"சன்னல் இல்லை."

"சன்னலில்லாத அறையில இது தனியக் கிடந்து செத்துப்போகும்."

"தனிய இல்லை, அக்கா. உள்ள ஆக்கள் இருக்கினம். என்ன கேட்டாலும் வாய் திறக்காத ஆக்கள்." அதே சிரிப்போடு சொன்னார். "இதைக் கண்டாத் திறப்பினம்."

ஜொஹறாவின் கண்ணுக்குள் பாம்பு இல்லை. ஒளிக்க ஒரு சட்டிகூட இல்லாத அந்த அறை இருந்தது.

"இது இன்னும் இரை எடுக்கேல்லை," என்றாள். "இரை எடுக்காததை நான் ஆருக்கும் குடுக்கிறேல்லை."

பொய். முதல்நாள்தான் ஒரு எலியை விழுங்கியிருந்தது. சட்டியை நகர்த்தினால் வயிற்று வீக்கம் தெரியும். அவர் குனிந்து பார்த்தார். விரலால் கண்ணாடியைத் தட்டினார். சட்டிக்குள்ளே ஏதோ இறுகியது.

"சரி. எடுத்தாப் பிறகு வாறன்."

5

இந்த இடத்தில் எனக்கு அவர் மேல் சந்தேகம் வந்தது. ஒரு முகாமுக்குக் கடையில் போய்ப் பாம்பு வாங்கவேண்டிய தேவை என்ன? காடு பக்கத்தில்தானே கிடக்கிறது. ஆகவே அவரை மாற்றி எழுதிப் பார்த்தேன். மகளுக்கு ஊர்வன என்றால் ஆசை, பிறந்தநாளுக்கு வாங்கிப்போக வந்திருக்கிறார். அரைப்பக்கம் ஓடியது. ஜொஹறா கேட்டாள், "மகள் எத்தினையாம் வகுப்பு?" அவர்—

அவரால் சொல்லமுடியவில்லை. எனக்கும் வரவில்லை. பழைய ஆளையே திரும்பக் கூப்பிட்டேன்.

6

"குடுத்துவிடு," என்றார் மஹ்றூப். "பாம்புதானே."

"பாம்பைக் குடுக்கலாம். அந்த அறைக்குக் குடுக்கேலாது."

"எங்களைக் கொண்டுபோனா?"

ஜொஹறா தலையணை உறை ஒன்றை உருவி அவரிடம் நீட்டினாள். மஹ்றூப் எழுந்து பாம்பைப் பிடித்து அதற்குள் விட்டு, முடிச்சுப் போட்டு, கூடைக்குள் வைத்துக் கொடுத்தார். "நான் கடையில இருக்கிறன்," என்றார். "ரெண்டு பேரும் இல்லாட்டித் தேடுவினம்."

கனகராயன்குளம் போகும் பஸ்ஸில் கூடை அவள் மடியில் இருந்தது. இத்தனை நாளும் தொடாதது இப்போது கூடைப் பின்னலைத் தாண்டித் தொடையில் மெல்ல அசைந்தது. ஓதத் தொடங்கினாள். பாதியில் மறந்து திரும்பத் தொடங்கினாள்.

வழியில் சோதனை. எல்லாரையும் இறக்கினார்கள். மீசை அரும்பிய ஒருவன் துவக்கோடு வந்து கேட்டான், "கூடைக்குள்ள என்ன?"

பொய் சொல்ல நாக்கு எழும்பவில்லை. "வெங்கிணாந்தி."

அவன் சிரித்துக்கொண்டு கையை நீட்டினான். துணி புரண்டது. துள்ளிப் பின்னால் போனான். விரல் துப்பாக்கி விசையைத் தேடியது. அவளுடைய கடைசித் தம்பியின் வயதுதான் இருக்கும்.

"ஒண்டும் செய்யாது, தம்பி," என்றாள் ஜொஹறா. "கட்டிக் கிடக்கு. ஒண்டும் செய்யாது." தனக்கே சொல்வதுபோலத் திரும்பத் திரும்பச் சொன்னாள். விரல் மெல்ல விலகியது.

"போங்கோ. போங்கோ."

குளக்கட்டைத் தாண்டிப் பற்றைக் காட்டில் கூடையைச் சரித்து, ஒரு தடியால் முடிச்சை நெகிழ்த்திவிட்டுத் தள்ளிப்போய் நின்றாள். அது உடனே வெளியே வரவில்லை. வந்த பிறகும் அவசரப்படவில்லை. பற்றை அதை மூடியதும்தான் அவளுக்கு அழுகை வந்தது.

திரும்பும்போது மடி லேசாக இருந்தது. அது இன்னும் பயமாக இருந்தது.

7

அவர் வந்தார். இந்தமுறை ஜீப்பிலிருந்து இன்னும் இருவர் இறங்கி வாசலில் நின்றார்கள். பெட்டிக்குள் சட்டி மட்டும் இருந்தது.

"எங்க?"

"காட்டில விட்டிட்டன்."

அவர் கோபப்படவில்லை. கதிரை ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மஹ்றூப் கிளித்தீனோடு நின்றார். கையிலிருந்து தினை சிந்திக்கொண்டிருந்தது.

"நானா," என்றார் வந்தவர், சொந்த அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி மஹ்றூப்பைப் பார்த்து. "நீங்க ஒருக்கா எங்களோட வந்திட்டுப் போங்கோ."

எழுதிப் பார்த்த முடிவுகள்: மஹ்றூப் போய், பின்னேரம் திரும்பி வருகிறார். (நம்ப ஆசைப்பட்டேன்.) மஹ்றூப் போய்— (முடிக்கவில்லை.) ஜொஹறா குறுக்கே வந்து நின்று, ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் கேட்கிற அதே குரலில் கேட்கிறாள்: "இவரை எங்க வைப்பீங்கள்? எப்ப திருப்பி விடுவீங்கள்?"

மூன்றாவதுதான் நடக்கிறது. அவள் கேட்டுவிட்டாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பிறகு அவருடைய பார்வை நகர்கிறது. கடையில் வேறு யாரும் நிற்கிறார்களா என்று பார்க்கிறார்.

நிற்கிறார்கள். மீன் தொட்டிக்குப் பக்கத்தில் நீங்கள் நிற்கிறீர்கள். கூட வாருங்கள் என்று கூப்பிட்டது நான்தான். வாசலில் இருப்பவர்கள் உங்களுக்கு வழி விட்டு விலகியிருக்கிறார்கள், போவதென்றால் போகலாம். ஜொஹறாவும் உங்களைப் பார்க்கிறாள். உங்களிடம் அவள் ஒன்றும் கேட்கவில்லை.