பச்சை ஃபைலின் வீடு

சனிக்கிழமை மாலை நாலு மணி பத்து நிமிடத்துக்கு ஹேமாவதி திருடியானாள்.

வாசல் பக்கம் எல்லோரும் கங்கம்மா போட்ட வாழைக்காய் பஜ்ஜியைச் சுற்றி நின்றிருந்தார்கள். உள்ளறையில் ஆளில்லை. அலமாரியைத் திறந்தாள். இரண்டாவது தட்டு, இடது ஓரம். பச்சை ஃபைல். எடுத்துப் புடவைத் தலைப்புக்குள் செருகினாள். பின்கதவு வழியாக வெளியே வந்து, தன் ஸ்கூட்டரின் சீட்டைத் தூக்கி, உள்ளே போட்டு, டப்பென்று சாத்தினாள்.

சாவி இடுப்பில்.

அலமாரியில் இப்போது பச்சை ஃபைலின் சின்னப் புகைப்படம் மட்டும் ஒட்டியபடி இருந்தது. சட்டப்படி அதன் மேல் அவள் தன் படத்தை ஒட்டிவிட்டு வந்திருக்க வேண்டும். ஒட்டவில்லை. தன் படத்தை ஒட்டிவிட்டுத் திருடுகிற திருடி உலகத்தில் உண்டா?

வேடிக்கை என்னவென்றால், அந்தச் சட்டத்தைப் போட்டவளே ஹேமாவதிதான்.

எட்டு வருஷத்துக்கு முன்னால், சிட்லபாக்கத்தில் தன் வீட்டுக் கார் ஷெட்டில், நாலு குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டு அவள் தொடங்கியதுதான் ‘கைகோர்ப்பு’. ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம் என்று ஆளுக்கொரு பெயர் எழுதிய மருத்துவச் சீட்டோடு, பள்ளி வயதைத் தாண்டிவிட்ட பிள்ளைகள் பகலில் வந்து இருக்க ஓர் இடம். இப்போது பெருங்களத்தூரில் ஒரு பழைய வீட்டில் இருபத்து மூன்று குடும்பங்கள்.

அங்கே கத்தரிக்கோல், பசை, கரண்டி, ஃபைல் எல்லாவற்றுக்கும் ஒரு ‘வீடு’ உண்டு. அதாவது, வைக்கிற இடத்தில் அந்தப் பொருளின் படம் ஒட்டியிருக்கும். எடுப்பவர் வாசல் பலகையிலிருந்து தன் படத்தைப் பிய்த்து வந்து அந்த இடத்தில் ஒட்டிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். யார் எதை வைத்திருக்கிறார்கள் என்பது எழுத்து தெரியாத பிள்ளைக்கும் பார்த்ததும் விளங்கிவிடும். பெற்றோருக்கும் அதே சட்டம்தான். ஜல்லிக்கரண்டி எடுத்தால், சமையல் பார்க்கும் கங்கம்மாகூடப் படம் ஒட்டுவாள்.

தினமும் மாலை எல்லா வீடுகளையும் சரிபார்ப்பது ஹேமாவதியின் மகள் உதயாவின் வேலை. இருபத்திரண்டு வயது, ஆட்டிசம். அவள் பேசுவதே பத்துப் பதினைந்து வார்த்தைகள். அதில் முதலில் வந்தது ‘அம்மா’ இல்லை. ‘வீடு’.

இப்படிப்பட்ட இடத்தில் ஹேமாவதி ஏன் திருடினாள்?

காரணம் ஒரு பெயர். அமலராணி.

மையம் நடக்கும் வீட்டின் சொந்தக்காரர் வேதாசலம், வயலையெல்லாம் விற்றது போக மிச்சமிருந்த இந்த வீட்டையும் அடுக்குமாடி கட்டக் கொடுத்துவிட்டார். “தப்பா நெனைக்காதம்மா. பசங்க கேக்க மாட்டேன்றானுங்க. பொங்கலுக்குள்ள காலி பண்ணிக் குடுத்துரு” என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். சிட்லபாக்கம் ஏரிக்குப் பின்னால் பூட்டிக் கிடக்கும் சமுதாயக் கூடத்தைக் கேட்டு மனு போட்டார்கள். திங்கட்கிழமை பதினோரு மணிக்கு, தாம்பரம் மாநகராட்சி அலுவலகத்தில், பதினைந்து நிமிடம் அதிகாரி நேரம் கொடுத்தார். இருபத்து மூன்று பிள்ளைகளின் அடையாள அட்டை நகல், டாக்டர் கடிதம், பெற்றோர் கையெழுத்து எல்லாம் அந்தப் பச்சை ஃபைலில். கூடம் கிடைத்தால் மையம் இருக்கும். கிடைக்காவிட்டால் இருபத்து மூன்று பேரும் அவரவர் வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

எட்டு வருஷமாக எந்த ஆபீஸ் படியென்றாலும் ஏறியவள் ஹேமாவதி. இந்தத் தடவை யார் போய்ப் பேசுவது என்று கை தூக்கச் சொன்னார்கள். அமலராணிக்குப் பதினாறு கைகள். அவள் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. தமிழும் இங்கிலீஷும் தண்ணீர் மாதிரி. மகன் ஆபேலோடு மையத்தில் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது.

ஹேமாவதிக்கு மூன்று கைகள். அதில் ஒன்று அவளுடையது. இன்னொன்று கொசு அடிக்கத் தூக்கியது என்று பிற்பாடு தெரிந்தது.

எட்டு வருஷம் எங்கே, எட்டு மாசம் எங்கே?

அதைக்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கியிருப்பாள். விழுங்க முடியாமல் போனது அந்த ரெட்டைப் பின்னலைத்தான்.

சனிக்கிழமை நாலு மணிக்கு மகளை அழைத்துப்போக வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். உதயாவின் குட்டைக் கூந்தலில் இரண்டு பின்னல். நுனியில் நீல ரிப்பன். உச்சியில் நூல் பிடித்தது போல வகிடு.

“யார் பின்னினா?”

“நான்தான் ஹேமா. சமத்தா உக்காந்தா” என்றாள் அமலராணி, மிச்ச ரிப்பனைச் சுற்றியபடி.

“இவளா? சீப்பைப் பார்த்தாலே ஊரைக் கூட்டுவாளே!”

“எதிர்ல கண்ணாடி இருந்தாதான் அவளுக்குத் தொல்லை. நான் கவனிச்சுட்டே இருந்தேன். கண்ணாடியைச் செவுத்துப் பக்கம் திருப்பி வச்சேன். அவ்ளோதான்.”

அவ்ளோதான்! கடியும் கீறலும் வாங்கி வாங்கி, கடைசியில் முடியைத் தோளோடு கத்தரித்துவிட்ட தாய் இங்கே நிற்கிறாள். எட்டு மாதத்துக்காரி அவ்ளோதான் என்கிறாள்.

“சூப்பரா கீதுல்ல ஹேமாக்கா?” பஜ்ஜித் தட்டோடு வந்த கங்கம்மா வேறு எரிகிற இடத்தில் எண்ணெய் விட்டாள். “டீச்சர் கை ராசிதான்!”

ஹேமாவதி சிரித்தாள். அடுத்த பத்தாவது நிமிடம் ஃபைல் ஸ்கூட்டரில் இருந்தது.

தொலைத்துவிடுகிற எண்ணமெல்லாம் இல்லை. திங்கட்கிழமை காலை டீச்சர் அலமாரியைத் திறப்பாள். ஃபைல் இருக்காது. கையைப் பிசைவாள். அப்போது ஹேமாவதி நிதானமாகச் சொல்வாள்: ‘நல்லவேளை, எங்க வீட்ல ஒரு காப்பி வச்சிருக்கேன்.’ வீட்டுக்குப் போவது போலத் தெருமுனை வரை போய், ஃபைலோடு திரும்பி வருவாள். அப்புறம் யார் பேசுவது என்று எவர் கேட்கப் போகிறார்கள்?

பக்காவான திட்டம். ஒரே ஒரு ஆளை மறந்திருந்தாள்.

ஐந்து மணிக்கு உதயா சுற்றி வந்தாள். பசை, சரி. கத்தரிக்கோல், சரி. இரண்டாவது தட்டு, இடது ஓரம். அங்கே பொருளும் இல்லை, ஆளின் படமும் இல்லை. அப்படி ஒரு காலி இடத்தை அவள் பார்த்ததே கிடையாது. விரலை வைத்தபடி அசையாமல் நின்றாள்.

“பச்சை. வீடு.”

“யாராவது எடுத்திருப்பாங்கடா. வா, போலாம்” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள் ஹேமாவதி.

ஞாயிறு காலை உதயா இட்லியைத் தொடவில்லை. மதியம் சோற்றைத் தள்ளிவிட்டாள். வாசல் கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு, “பச்சை. வீடு. பச்சை. வீடு.” சாயங்காலம் மணிக்கட்டைக் கடித்துக்கொள்ளத் தொடங்கினாள். அந்தப் பழக்கம் விட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

ஸ்கூட்டர் பன்னிரண்டு அடி தள்ளி நின்றது. சாவி ஹேமாவதியின் இடுப்பில் உறுத்தியது. எடுத்துக் காட்டிவிடலாம். காட்டினால் இப்போதே கொண்டுபோய் வைக்கச் சொல்வாள். ஊருக்கே தெரிந்துவிடும். உதயாவுக்கு ஒளிக்கத் தெரியாது.

ஒரு நாள்தானே, என்று மகளின் மணிக்கட்டில் தேங்காய் எண்ணெய் தடவினாள் ஹேமாவதி. தன் வயிற்றெரிச்சலுக்குப் பெற்ற பெண்ணைப் பட்டினி போடுகிறோம் என்று உள்ளே ஏதோ சொன்னது. அதன் வாயைப் பொத்தினாள்.

திங்கட்கிழமை காலை பத்து மணி. கடுகு நிறப் பட்டுப் புடவை, நெற்றியில் புதுச் சாந்து. மையத்து வாசலில் ஸ்கூட்டரை நிறுத்துவதற்குள் கங்கம்மா ஓடி வந்தாள்.

“ஹேமாக்கா! ஃபைல காணோங்க்கா! மூணு அலமாரியும் கொட்டிப் பாத்தாச்சு. டீச்சர் பேஜாராயி குந்திகினு கீறாங்க!”

ஆஹா! காதில் தேன் பாய்ந்தது. முகத்தைக் கவலையாக மாற்றிக்கொண்டாள். மனதுக்குள் வசனத்தை ஓட்டினாள். நல்லவேளை, எங்க வீட்ல...

அங்கேதான் கை காலை வாரியது.

தினமும் வண்டி நின்றதும் சாவியை வாங்கி, சீட்டைத் தூக்கி, தன் டிபன் பையை எடுப்பது உதயாவின் வழக்கம். இன்று பை முன்கொக்கியில் மாட்டியிருந்தது. அதற்காகவே அங்கே மாட்டியிருந்தாள். ஆனால் பட்டுப் புடவைக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டிருந்தவளின் மறுகை, தினசரிப் பழக்கத்தில், தானாகவே சாவியை நீட்டிவிட்டது.

உதயா வாங்கினாள். சீட்டைத் தூக்கினாள்.

“பச்சை!”

ஹேமாவதி திரும்புவதற்குள் ரெட்டைப் பின்னல் ஆட, ஃபைலை நெஞ்சோடு அணைத்தபடி உதயா உள்ளே பாய்ந்துவிட்டாள். பத்துப் பன்னிரண்டு பெற்றோர்களைப் பிளந்துகொண்டு போய், இரண்டாவது தட்டில், இடது ஓரத்தில் வைத்தாள். இரண்டு நாளாகப் பிடித்திருந்த மூச்சை விட்டாள்.

“வீடு.”

கங்கம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

“இன்னாக்கா இது? உன் வண்டில கீது?”

எல்லாக் கண்களும் கடுகு நிறப் பட்டில்.

அமலராணி எழுந்தாள். ஃபைலைப் பார்த்தாள். ஹேமாவதியைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்பது ஹேமாவதிக்குப் புரிந்தது.

“அட, என் ஞாபகமே! நான்தான் குடுத்தேன். எல்லாம் சரியா இருக்கான்னு ஒருவாட்டி பாக்கச் சொல்லி. வயசாயிடுச்சு பாருங்க.”

பெருமூச்சுகள். “தோ பாரு, டீச்சரே குடுத்துட்டு மறந்துட்டாங்க” என்று யாரோ சிரித்தார்கள்.

தப்பித்தாள் ஹேமாவதி. காலில் விழுந்து நன்றி சொல்லியிருக்க வேண்டும். ஆனால் உள்ளே பற்றி எரிந்தது. பேச்சு அவளுக்கு. பின்னல் அவளுக்கு. இப்போது இந்தப் பெருந்தன்மையும் அவளுக்கே போக வேண்டுமா?

“பொய்” என்றாள். குரல் கிறீச்சிட்டது. “டீச்சர் குடுக்கல. நான்தான் எடுத்தேன். சனிக்கிழமை. எல்லாரும் பஜ்ஜி தின்னுட்டிருந்தப்போ.”

அமலராணியின் மூக்கு நுனி சிவந்தது. தலைமையாசிரியைக் குரல் வெளியே வந்தது. “நான்தான் சமாளிச்சுட்டேன்ல? எதுக்கு இப்ப சொல்றீங்க?”

“நீங்க சமாளிச்சது போதும், டீச்சர்.”

“யம்மாடி!” என்றாள் கங்கம்மா.

வெளியே, தாம்பரம் போகப் பேசியிருந்த வேன் ஹாரன் அடித்தது. மணி பத்து பத்து. ஜி.எஸ்.டி. ரோட்டில் திங்கட்கிழமை நெரிசல்.

“இத வந்து பேசிக்கலாம்” என்று அமலராணி அலமாரியில் கை வைத்தாள்.

உதயா குறுக்கே பாய்ந்தாள். இரண்டு கைகளையும் விரித்து, முதுகை அலமாரியில் ஒட்டிக்கொண்டு அலறினாள்.

“உதயா, டீச்சர்டா. நம்ம டீச்சர்தானே?” என்று யாரோ சொல்லிப் பார்த்தார்கள்.

அலறல் இன்னும் ஏறியது. அமலராணி பின்வாங்கினாள். ஹேமாவதிக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல். எங்கே போச்சு கை ராசி?

“ஹேமாக்கா, நீ சொன்னாத்தான் அடங்கும். டைம் ஆவுது!” என்று கங்கம்மா கெஞ்சினாள்.

என்ன வேண்டும் என்று ஹேமாவதிக்குத் தெரியும். படம். அந்த இடம் இன்னொரு தடவை காலியாகக் கூடாது. யாருடைய படம் அங்கே ஒட்டப்படுகிறதோ அவர் கையில்தான் உதயா ஃபைலைக் கொடுப்பாள். வேறு எவரிடமும் கொடுக்க மாட்டாள்.

வாசல் பலகைக்குப் போனாள். தன் படத்தைப் பற்றி இழுத்தாள். வெல்க்ரோ பர்ரென்று பிரிந்தது. ஒட்டினால் தீர்ந்தது. திருடி என்று தெரிந்தாலும் வேறு வழியில்லை. ஐம்பது நிமிடம்தான் இருக்கிறது. அவள்தான் போயாக வேண்டும், அவள்தான் பேசியாக வேண்டும்.

என்ன பேசுவது?

அப்போதுதான் உறைத்தது. இரண்டு நாள் கையில் இருந்தும் அந்த ஃபைலை அவள் ஒரு தடவைகூடத் திறந்து பார்க்கவில்லை.

திரும்பிப் பார்த்தாள். உதயாவின் விரித்த கையில், மணிக்கட்டில், நேற்றைய பல் தடங்கள் நீலம் பாரித்திருந்தன.

தன் படத்தை இருந்த இடத்திலேயே ஒட்டினாள். பக்கத்திலிருந்த படத்தைப் பிய்த்தாள். அந்த வெல்க்ரோ பிரிய மறுப்பது போல இருந்தது. அலமாரிக்கு வந்து, ஃபைலை ஒரு ஓரம் நகர்த்தி, அந்த இடத்தில் அமலராணியின் படத்தை வைத்து, கட்டைவிரலால் அழுத்தினாள்.

உதயா படத்தைப் பார்த்தாள். ஆளைப் பார்த்தாள். சரி. ஃபைலை எடுத்து அமலராணியின் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றாள்.

“போ” என்றாள்.

வேன் போயிற்று. அப்புறம் உதயா ஏழு இட்லி சாப்பிட்டாள்.

ஒரு மணிக்கு அமலராணியின் போன் வந்தது. “ஹேமா, வியாழக்கிழமை கூடத்தைப் பாக்க நேர்லயே வர்றாங்க. பெருக்கி வைக்கச் சொல்லிச் சாவி குடுத்துட்டாங்க.”

ஹேமாவதி சுவரில் சாய்ந்துகொண்டாள்.

“இந்தப் பட ஏற்பாட்டைப் பத்தித்தான் பத்து நிமிஷம் கேட்டாங்க. யார் யோசனைன்னாங்க. உங்க பேரைச் சொன்னேன். வியாழக்கிழமை நீங்கதான் விளக்கணும்.” அமலராணியின் குரலில் தலைமையாசிரியை திரும்பி வந்தாள். “சனிக்கிழமை விஷயத்தை அங்க சொல்லல. ஆனா கூட்டத்துல பேசுவோம். விட மாட்டேன்.”

“பேசுங்க.” ஹேமாவதி தொண்டையைச் செருமினாள். ஃபைலைத் திருடியபோதுகூட இவ்வளவு சிரமமாக இல்லை. “டீச்சர்... அந்தக் கண்ணாடி. முழுசாத் திருப்பணுமா, லேசாச் சாய்ச்சா போதுமா?”

“முழுசா.”

“ம்.”

போனை வைத்தாள். எதிரே இரண்டாவது தட்டில், இடது ஓரத்தில், அமலராணி சிரித்துக்கொண்டிருந்தாள். எட்டு மாதத்துக்கு முன்னால் அந்தப் படத்தை எடுத்தவள் ஹேமாவதிதான். வேண்டுமென்றே வெயிலுக்கு எதிராக நிற்க வைத்து, ஒரே ஒரு தடவை சொடுக்கியது.

பாவி, அதிலும் அழகாகத்தான் விழுந்திருந்தாள்.