நீல ஹன்போக்

கல்யாண மண்டபத்துக் கழிவறைக் கண்ணாடி முன்னால் நின்று மிக்யோங் மறுபடியும் முடிச்சைப் பிரித்தாள். கொரியப் பாரம்பரிய உடையான நீல ஹன்போக்கின் மார்பு நாடா இன்றைக்கென்று முரண்டு பிடித்தது. காலையில் துணிக்கடைக்காரி கட்டிவிட்டபோது அம்சமாகத்தான் இருந்தது. வாசலில் யோங்சிலைப் பார்த்த படபடப்பில் இவளே பிடித்து இழுத்துவிட்டாள்.

யோங்சில் மாப்பிள்ளை தேவூக்கைப் பெற்றவள். அவன் ஐந்து வயதுப் பிள்ளையாக இருந்தபோது விட்டுப் போனவள். இரண்டாம் தாரமாக வந்து அவனை ஆளாக்கியது மிக்யோங். பெற்றவளையும் அழைக்கட்டுமா என்று அவன் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, தாராளமாக வரட்டும், ஹன்போக் மட்டும் உடுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டாள். பெண்ணின் அம்மாவுக்கு இளஞ்சிவப்பு, மாப்பிள்ளையின் அம்மாவுக்கு நீலம். அந்த இரண்டு பேர்தான் கைகோத்துப் போய் மெழுகுவத்தி ஏற்றுவார்கள். அந்த நீலத்தைப் பங்குபோட அவளுக்கு மனசில்லை. அற்பத்தனம்தான், இருந்துவிட்டுப் போகட்டும்.

யோங்சிலும் சொன்னபடி சாம்பல் நிறக் கோட்டில்தான் வந்திருந்தாள். அதற்கும் இவளுக்கு வயிறு எரிந்தது. தான் பட்டுக்குள் பரங்கிக்காய் மாதிரி நிற்க, அவள் மட்டும் எவ்வளவு கச்சிதம்!

கதவைத் திறந்துகொண்டு வந்தது அவளேதான். வெளியே அம்மாக்களைத் தேடுகிறார்கள் என்றாள். பிறகு நாடாவைப் பார்த்தாள்.

"வளையம் இடப்பக்கம் வரணும். நான் கட்டட்டுமா?"

வேண்டாம் என்று சொல்லத்தான் மிக்யோங் வாயெடுத்தாள். நாடா மறுபடியும் நழுவியது.

"உங்களுக்குக் கட்டத் தெரியுமா?"

"வீட்டுல ஒரு நீலம் வாங்கி வச்சிருக்கேன். கட்டிக் கட்டிப் பாத்ததுதான்." யோங்சில் நாடாவை நீவினாள். "நிமிந்து நில்லுங்க, தேவூக் அம்மா."

அந்தப் பெயரை அவள் வாயால் கேட்க மிக்யோங் எத்தனை வருஷம் ஆசைப்பட்டிருப்பாள்! இப்போது அது இனிக்கவில்லை. முடிச்சை இறுக்கும்போது யோங்சில் கீழுதட்டின் ஓரத்தைக் கடித்துக்கொண்டாள். ஷூ நாடா கட்டும்போது தேவூக் அப்படியேதான் கடிப்பான். தன்னைப் பார்த்துப் பழகியது என்று மிக்யோங் ஊரெல்லாம் பெருமை பேசியிருக்கிறாள்.

மேடையில் சம்பந்தியோடு குனிந்து மெழுகுவத்தி ஏற்றினாள். முடிச்சு அசையவில்லை. ஓரமாகத் தேவூக் உதட்டைக் கடித்தபடி நின்றான். யோங்சில் உட்கார்ந்திருந்த கடைசி வரிசைப் பக்கம் கண் போகாமல் இருக்க மிக்யோங் சுடரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.