கிழக்குச் சுவரில் ஒட்டிய பக்கம்

1

இந்தக் கதை ஒரு பட்டியலிலிருந்து வந்தது. இதை மறைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. குளிர் நாட்டில் குடியிருக்கும் என் சித்தி மகன் அனுப்பியிருந்தான்: 'குளிர்காலம் வருமுன் வீட்டுச் சூடேற்றியைத் தயார் செய்வது எப்படி?' குழாயில் தங்கிய காற்றை வெளியேற்று, வடிகட்டியை மாற்று, கதவிடுக்கை அடை என்று மொத்தம் பதினோரு கட்டளைகள். நான் யாங்கோனில், மாடி வராந்தாவில் உட்கார்ந்து படித்தேன். பத்தொன்பது டிகிரி. ஸ்வெட்டர் போட்டிருந்தேன். எதிர்வீட்டு நாய்க்கும் யாரோ பழைய பனியன் மாட்டி விட்டிருந்தார்கள். எங்கள் குளிர் அவ்வளவுதான்.

'உனக்கு இதெல்லாம் எதற்கு?' என்று அவனே கடைசியில் எழுதியிருந்தான். கிண்டல். யாராவது கிண்டல் செய்தால் உட்கார்ந்து கதை எழுதுவது என் கெட்ட பழக்கம்.

பத்துக் கட்டளைகளைப் படித்துச் சிரித்தேன். பதினோராவதைப் படித்ததும் ஸ்வெட்டரைக் கழற்றி வைத்துவிட்டேன். அது என்ன என்று நான்காம் பகுதியில் சொல்கிறேன்.

2

தொடக்கம் (அ): யாங்கோனில் குளிர் என்பது விருந்தாளியைப் போல

[இல்லை. விருந்தாளி, அதுவும் முதல் வரியிலேயே.]

தொடக்கம் (ஆ): மனைவியின் பிரசவத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கும்போதே தமிழ்மணி வீட்டுச் சுவரைத் தடவிப் பார்க்கத் தொடங்கினான்.

இது இருக்கட்டும். தமிழ்மணிக்கு அலோன் துறைமுகக் கிடங்கில் எடை போடும் வேலை. தராசு முள் ஒரு மயிரிழை தள்ளி நின்றாலும் மூட்டையை இறக்கி மறுபடி ஏற்றச் சொல்வான். அப்படிப்பட்டவனுக்குத் தன் வீட்டுப் பலகைச் சுவரில் இருபத்து மூன்று சந்துகள் இருப்பது நவம்பர் மாதம்தான் தெரியவந்தது.

இந்த ஊரில் வீட்டைச் சூடாக்க ஒரே ஒரு காரணம்தான் உண்டு. வீட்டில் பிள்ளை பெற்றவள் இருக்கவேண்டும். பர்மியர் அதை 'மீநே' என்பார்கள், நெருப்போடு இருப்பது. பிரசவித்தவளை ஓர் அறையில் வைத்து, வெந்நீர், மஞ்சள், கரி நெருப்பு என்று நாற்பது நாள் காப்பார்கள். தமிழ் வீடுகளில் மருந்தும் பத்தியமும் வேறு, ஆனால் அறை அதே அறைதான். தமிழ்மணி வீட்டில் அந்த அறைக்கு அதிகாரி அவனுடைய அக்கா வேலம்மா.

"அக்கா, இந்தச் சந்து வழியா ஆத்துக் காத்து பூரா உள்ள வருது. பிள்ளைக்குச் சளி கட்டுனா என்ன பண்றது?"

"நான் ரெண்டு பெத்து எந்திரிச்சது இதே ரூம்புலதான்டா. த்வாண்டே மண்சட்டில கணப்புப் போட்டா சரியாப் போயிரும்."

"கணப்புச் சூடு சந்து வழியா ஓடிப்போகுதே. ஓட விடாம அடைச்சுட்டா பாதிக் கரி போதும்."

"அடைச்சுக்க. யாரு வேணாம்னா?"

மின்சாரச் சூடேற்றி ஒன்றும் வாங்கினான். ஆனால் மின்சாரம் அதன் இஷ்டத்துக்கு வந்துபோனது. வந்தவுடன் தெருப் பிள்ளைகள் "மீ லா ப்யீ!", கரண்ட் வந்தாச்சு, என்று கத்துவார்கள், கத்தி முடித்து வீட்டுக்குள் போவதற்குள் போய்விடும். அதனால் சூடேற்றி மூலைக்குப் போனது. கணப்புச் சட்டி நடு அறைக்கு வந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து, அரிசி மூட்டைக்குள் வைக்கும் பிளாஸ்டிக் தாளை வெட்டி, இருபத்து மூன்று சந்துகளையும் அடைத்தான். மெழுகுவத்தியைக் கொளுத்திச் சுவரோரம் பிடித்துப் பார்த்தான். சுடர் அசையவில்லை. அன்றைக்கு அவன் சந்தோஷமாக மோஹிங்கா வாங்கிச் சாப்பிட்டான்.

3

தமிழ்மணியை முட்டாளாக்கப் பார்த்தேன். முடியவில்லை. முட்டாளாக இருந்தால் ஏதாவது ஒரு சந்தை விட்டிருப்பான். கஞ்சனாக்கிப் பார்த்தேன், கதை வேறு பக்கம் ஓடியது. கடைசியில் அவனை அன்பானவனாகவே விட்டுவிட்டேன். இதுதான் இந்தக் கதையில் எனக்குப் பயமாக இருக்கும் இடம்.

டிசம்பர் கடைசியில் பெண் குழந்தை பிறந்தது. மனைவி மதுமிதாவும் குழந்தையும் அந்த அறைக்கு வந்தார்கள். வேலம்மா முதல் வேலையாகக் கைபேசியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"பச்ச உடம்பு. இப்பக் கண்ணக் குடுத்துப் பாத்தா பின்னால பார்வை போயிரும். படிக்கவும் கூடாது."

"அப்ப நான் என்னதான்க்கா பண்றது?"

"படுத்திரு."

இரண்டாம் நாள் மதுமிதா புருஷனிடம் சொன்னாள்: "என்னங்க, அந்த ஜன்னலக் கொஞ்சம் திறந்து விடுங்களேன். மூச்சு முட்டுற மாதிரி இருக்கு."

"சூடு அப்படித்தான் இருக்கும் மது. வாடைக் காத்து பட்டுச்சுன்னா பிள்ளைக்கு ஆகாது." சொல்லிவிட்டு ஜன்னல் இடுக்கில் இன்னொரு தாளைச் செருகினான்.

4

பதினோராவது கட்டளை இதுதான்: 'காற்று வரும் வழியை ஒருபோதும் அடைக்காதீர்கள். மூடிய அறையில் கரி எரித்தால் நிறமும் மணமும் இல்லாத ஒரு நச்சு வாயு சேரும். முதலில் தலை வலிக்கும். பிறகு தூக்கம் வரும்.'

வேலம்மா இரண்டு பிள்ளை பெற்று எழுந்தது கணப்பால் அல்ல, சந்துகளால். தமிழ்மணிக்கு அது தெரியாது. வேலம்மாவுக்கும் தெரியாது. இப்போது உங்களுக்கும் எனக்கும் தெரியும், நம்மால் அவர்களைக் கூப்பிட்டுச் சொல்ல முடியாது.

*இனி ஓர் அடிக்குறிப்பு. அடியில் போட்டால் படிக்கமாட்டீர்கள், அதனால் இங்கேயே.* பதினாறு வருடங்களுக்கு முன்னால் என் தங்கை பிரசவித்தபோது அவளுடைய அறைச் சந்துகளை ஒட்டியவன் நான். கணப்பும் வைத்தோம். எதுவும் ஆகவில்லை. ஏனென்றால் மூன்றாம் சுவர் பாதியில் என்னிடம் பசை தீர்ந்துபோனது, கடைக்குப் போகச் சோம்பலாக இருந்தது. அவ்வளவுதான். அந்தக் குழந்தை இப்போது என்னைவிட உயரமாக வளர்ந்து நிற்கிறது. என் சோம்பலால்தான் அது நிற்கிறது என்று எனக்குப் போன மாதம்தான் தெரிந்தது. அன்று நாள் முழுக்க என்னால் சாப்பிட முடியவில்லை.

தமிழ்மணி சோம்பேறி அல்ல. அவனுக்குப் பசை தீரவில்லை.

5

ஆறாம் நாள் காலை எட்டு மணி. வழக்கத்தைவிடக் குளிர். தமிழ்மணி கிடங்குக்குப் போய்விட்டான். வேலம்மா அறைக்குள் வந்து சட்டியில் கரி போட்டாள்.

"அக்கா, தலை கனக்குது."

"வாடை ஏறியிருக்கும். இன்னும் ரெண்டு துண்டு சேத்துப் போடுறேன்." சூடு போய்விடும் என்று கதவைச் சட்டென்று சாத்திக்கொண்டு துணி துவைக்கப் போனாள். உள்ளே மதுமிதா, பக்கத்தில் தூங்கும் குழந்தை, நடுவில் கணப்பு.

இப்போது நான் யாரையாவது அனுப்பவேண்டும்.

முடிவு (அ): "மீ லா ப்யீ!" என்று தெரு கத்துகிறது, மின்சாரம் வந்துவிட்டது, வேலம்மா ஓடிவந்து கணப்பை அணைத்துச் சூடேற்றியை

[யாங்கோன்காரர் யாரும் நம்பமாட்டார்கள். வேண்டியபோது மின்சாரம் வந்ததாக இந்த ஊரில் கதைகூட எழுத முடியாது.]

முடிவு (ஆ): குழந்தையைப் பார்க்கப் பக்கத்து வீட்டு ஜைனப் வருகிறாள். வரமாட்டாள். மாதம் கழியாமல் மற்றவர் உள்ளே வரக்கூடாது என்று வேலம்மா தெருவுக்கே சொல்லி வைத்திருக்கிறாள்.

முடிவு (இ): கிடங்கில் தமிழ்மணிக்கு மனசு எதையோ உணர்ந்து

[மனசு எதையும் உணராது. பதினாறு வருடம் என் மனசு நிம்மதியாகத் தூங்கியது.]

முடிவு (ஈ) உண்டு. அதை எழுதி, உடனே கிழித்துவிட்டேன். கேட்காதீர்கள்.

6

ஆக, வெளியிலிருந்து ஆள் இல்லை. மதுமிதா எழுந்து கதவைத் திறக்கலாம். ஆனால் ஏன் திறக்கவேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தலை வலிக்கிறது, சலிப்பாக இருக்கிறது, அவ்வளவுதான்.

சலிப்பு. அதை வைத்துக்கொள்கிறேன்.

இரண்டாம் பகுதிக்குத் திரும்பிப் போகிறேன். அங்கே பிளாஸ்டிக் தாள் என்று எழுதியதை அடித்துவிடுங்கள். தமிழ்மணி ஒட்டியது காகிதம். பழைய பேப்பர் கடையில் ஒரு கட்டு பர்மிய வாரப் பத்திரிகை வாங்கி, கஞ்சிப் பசை காய்ச்சி, நான்கு சுவரிலும் ஒட்டினான். மெழுகுவத்திச் சுடர் அப்போதும் அசையவில்லை; அவன் வேலை அப்படி. இது ஏமாற்று வேலை என்று நீங்கள் சொல்லலாம். சுவரை மாற்றுவதற்குத்தான் எனக்கு உரிமை இருக்கிறது, அவர்கள் மனதை மாற்றுவதற்கு இல்லை.

இன்னொன்று. கஞ்சிப் பசை கணப்புச் சூட்டில் காயும். காய்ந்தால் தாளின் ஓரம் மேலெழும்பும்.

7

மதுமிதா கிழக்குச் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். தமிழ் பேசுவாள், படிப்பதெல்லாம் பர்மியம்தான். படிக்கக்கூடாது என்றாலும் கண் முன்னால் இருப்பதை எப்படிப் படிக்காமலிருப்பது? கண்ணுக்கு நேரே ஒரு கதை. ஒருத்தி த்வாண்டேயில் படகைவிட்டு இறங்குகிறாள். மாமியார் செத்த வீடு. யாரும் தொடக்கூடாது என்று வைத்திருந்த தகரப் பெட்டியை இழுத்துப் போட்டுத் திறக்கிறாள். பக்கம் அங்கே முடிகிறது. மீதி பின்பக்கத்தில், பலகையைப் பார்த்து ஒட்டிக்கொண்டு இருக்கிறது; படிக்கவேண்டுமானால் தாளை உரிக்கவேண்டும். அதற்குப் பின்னால் ஒரு சந்து, சந்துக்குப் பின்னால் ஆற்றுக் காற்று.

பின்பக்கக் கடைசியில் 'தொடர்ச்சி 42ஆம் பக்கம்' என்று நான் போட்டுவைத்திருக்கிறேன். நாற்பத்திரண்டாம் பக்கம் வடக்குச் சுவரில், தலைகீழாக. ஒரு சந்து போதாவிட்டால் என்ன செய்வது என்றுதான்.

அவளுக்குக் கொட்டாவி வருகிறது. கண் சொருகுகிறது. ஓரம் மேலெழும்பிய தாளுக்கும் அவள் கட்டைவிரல் நகத்துக்கும் நடுவே ஒரு சாண்தான்.

அந்தப் பெட்டிக்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். சொன்னால் நீங்கள் தெரிந்துகொண்டு போய்விடுவீர்கள், அவளும் திரும்பிப் படுத்துத் தூங்கிவிடுவாள். இப்படி நட்டாற்றில் விடுகிறானே என்று உங்களுக்குக் கோபம் வந்தால், நல்லது. அந்தக் கோபம் அவளுக்கும் வரவேண்டும். கொஞ்சம் உரக்கவே கோபப்படுங்கள். குழந்தை எழுந்தாலும் பரவாயில்லை.

அவள் கடைசி வரியை இன்னொரு முறை படிக்கிறாள்:

பெட்டியைத் திறந்தவள், உள்ளே