மார்கழியில் ஒரு ரிசப்ஷன்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு மொட்டைமாடியில் கிடைத்தது. துணி காயப்போடப் போன இடத்தில், எதிர்வீட்டு மெர்சி தன் கணவன் கார்முகிலை நிறுத்தி வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்க அன்புக்குக் கல்யாணமாமே? கூடப் பொறந்த அக்கா எனக்கே ரேஷன் கடையில யாரோ சொல்லித்தான் தெரியுது!"

"மெதுவா பேசுடி. எதிர்வூட்ல அக்கா நிக்குது."

அந்த அக்கா நான்தான். ஈரத்துணி வாளியோடு எவ்வளவு நேரம் நின்றேன் என்பது கதைக்குத் தேவையில்லை.

2

தொடக்கங்கள் மூன்று எழுதினேன்.

"ஒரகடம் தொழிற்சாலைகளின் மீது மூடுபனி இறங்கிய ஒரு மார்கழி விடியலில்…" இங்கேயே பனி இருந்தால் கார்முகிலும் மெர்சியும் எதற்கு மணாலிக்குப் போக வேண்டும்? அடித்துவிட்டேன்.

"கார்முகில் பொய் சொல்லத் தெரியாதவன், ஆனாலும்…" இந்த 'ஆனாலும்' வம்பு பேசுகிறவள் போடுவது. (பேசுகிறவள்தான். எழுத்திலாவது கொஞ்சம் அடக்கம் வேண்டாமா?)

மூன்றாவதை அப்படியே விட்டுவிடுகிறேன்: கார்முகில் தன் மனைவிக்குப் பனியைக் காட்ட ஆசைப்பட்டான். அதற்காக, இல்லாத ஒரு கல்யாணத்தை உண்டாக்கினான்.

3

கார்முகில் எங்கள் வடக்குப்பட்டிலேயே பிறந்து வளர்ந்தவன். வயது முப்பத்தெட்டு. காருக்கு சீட் செய்யும் கம்பெனியில் பன்னிரண்டு வருடமாக ஒரே அசெம்பிளி லைனில் வேலை. மெர்சிக்குத் தாய்வீடு வாலாஜாபாத். கல்யாணமான புதிதில் அவளை ஊட்டிக்குக் கூட்டிப்போய், விடியற்காலையில் எழுப்பி, புல்லின் மேல் வெள்ளையாக எதையோ காட்டினான். வெயில் பட்டதும் அது போய்விட்டது.

"இத பாக்கவா மலை முழுக்க வாந்தி எடுத்துக்கினே வந்தேன்?" என்றாள் மெர்சி. பதினோரு வருடமாக இந்த ஒரு வாக்கியம் அந்த வீட்டில் உயிரோடு இருக்கிறது. சாம்பாரில் உப்பு கம்மி என்று அவன் வாய் திறந்தாலும் பதில் ஊட்டிதான்.

இந்த வருடம் டிக்கெட் போட்டுவிட்டான். டெல்லி வரை ரயில், அங்கிருந்து மணாலிக்கு பஸ். மெர்சி சர்ச் காலண்டரின் பின்பக்கத்தில் பட்டியல் எழுதினாள்: ஸ்வெட்டர் இரண்டு (ஒன்று இரவல்), குரங்குக் குல்லா, இட்லிப் பொடி, சளி மருந்து. பனியில் நடக்கப் பூட்ஸ் வேண்டுமாம். கார்முகில் தன் கம்பெனி சேஃப்டி ஷூவைத் துடைத்து வாசலில் வைத்தான். "உள்ள இரும்பு கீது, அதுல குளுரு ஏறுமா ஏறாதான்னு போய்தான் பாக்கணும்," என்றான் என்னிடம். நான் கேட்கவில்லை. (கேட்டேன்.)

4

இங்கே கதையை நிறுத்தி ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் லீவுக்கென்று சில காரணங்கள் உண்டு. சாவு, கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை, அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். "பனி பார்க்கப் போகிறேன்" என்பது இந்தப் பட்டியலில் இல்லை. சொன்னால் லைனே வேலையை நிறுத்திவிட்டுச் சிரிக்கும்.

அதோடு அந்த லைனில் பதினாறு பேர். பொங்கல் விடுமுறையோடு சேர்த்து லீவு ஒரே ஒருவருக்குத்தான். இந்தத் தடவை முதலில் எழுதிக் கொடுத்து வாங்கி வைத்திருந்தவன் கொம்பையா. திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், என் வீட்டு மாடி அறையில்தான் குடியிருக்கிறான். இரண்டு வருடமாக ஊர்ப் பொங்கலைப் பார்க்கவில்லை.

அவனிடம்தான் கார்முகில் டீ இடைவேளையில் சொன்னான்: "மச்சினனுக்குக் கல்யாணம்டா."

"மார்கழிலயா?"

"சர்ச் கல்யாணம்டா. அவங்களுக்கு மார்கழி இன்னா, தை இன்னா? ஞாயித்துக்கெழம வாலாஜாபாத்ல ரிசப்ஷன்."

கொம்பையா ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "மச்சினன் கல்யாணம் ஒருக்காதானே வரும்? பொங்கல் வருசா வருசம் வருது. நீங்க எடுத்துக்கிடுங்கண்ணே," என்று தன் லீவை விட்டுக்கொடுத்தான்.

கார்முகில் போட்ட கணக்கில் ஒன்று விட்டுப்போயிற்று. லைனில் ஒரு வீட்டுக் கல்யாணம் என்றால் எல்லோரும் வேன் பிடித்துப் போவது அங்கே வழக்கம். மற்ற மாதமென்றால் ஆளுக்கொரு முகூர்த்தம் இருக்கும், பாதிப் பேர் கழன்றுகொள்வார்கள். மார்கழி ஞாயிற்றுக்கிழமையில் யாருக்கு என்ன வேலை? பதினைந்து பேரும் வருகிறோம் என்றார்கள். சூப்பர்வைசர் ராஜசேகர் குடும்பத்தோடு வருவதாகச் சொன்னார். வேனுக்குப் பொறுப்பு கொம்பையா.

அந்த ஞாயிறு கார்முகிலும் மெர்சியும் ரயிலில் இருப்பார்கள். வேன் வாலாஜாபாத்தில், இல்லாத மண்டபத்தைத் தேடிக்கொண்டிருக்கும்.

5

மாடியில் எனக்குக் கேட்டது இதற்குப் பிறகு நடந்த சண்டைதான். மெர்சி கடைசியில் சொன்னது மட்டும் கத்தலாக இல்லை.

"அந்தப் புள்ள பொங்கல வுட்டுக் குடுத்திருக்குது. அத மெதிச்சிக்கினு போய் நான் பனி பாக்கணுமா? எனக்கு வேணாம். டிக்கெட்ட கேன்சல் பண்ணு."

பட்டியல் எழுதிய காலண்டரை அவள் சுவரில் திருப்பி மாட்டினாள்.

(அவளை இன்னும் கொஞ்சம் சுயநலக்காரியாக எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும் என்று பார்த்தேன். வரமாட்டேன் என்கிறாள்.)

6

மறுநாள் நடந்ததற்கு நான் சாட்சி இல்லை. கார்முகில் பாதி சொன்னான், கொம்பையா பாதி சொன்னான், ஒட்டாத இடத்தை நான் தைத்தேன்.

கம்பெனி பஸ்ஸில் கொம்பையா பக்கத்தில் போய் உட்கார்ந்தான் கார்முகில்.

"வேன வேணாம்னு சொல்லிடுடா."

"ஏண்ணே? அட்வான்ஸ் குடுத்தாச்சே."

"கல்யாணமே இல்லடா. பனி பாக்கத்தான் பொய் சொன்னேன். உங்க அண்ணி பதினோரு வருஷமா கேட்டுக்கினுகீறா. டிக்கெட்ட கேன்சல் பண்ணிடறேன். லீவ நீயே எடுத்துக்கினு ஊருக்குப் போ."

கொம்பையா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பஸ் இரண்டு நிறுத்தம் தாண்டிய பிறகு சிரிப்புச் சத்தம் கேட்டது.

"நல்லவேளண்ணே."

"இன்னாடா நல்லவேள?"

"ஊருக்குப் போனா பொண்ணு பாக்க இழுத்துட்டுப் போயிருவா எங்கம்ம. மூணு வீடு பாத்து வச்சிருக்கா. உங்க மச்சினன் கல்யாணத்தால லீவு போச்சுன்னு சொல்லித்தான் தப்பிச்சிருக்கேன். இப்பம் நீங்க கேன்சல் பண்ணினா மாட்டுறது நான்தான். பேசாமப் போய்ட்டு வாங்க."

கார்முகிலுக்கு மூச்சு வந்தது. அந்தச் சூட்டோடு கொம்பையாவையும் கூட்டிக்கொண்டு ராஜசேகரிடமும் போய் உண்மையைச் சொன்னான். அவர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார்.

"'சொந்த வேலை'ன்னுதான்யா போட்டிருக்கேன். காரணத்த எவன் படிக்கிறான்? கல்யாணத்த நீதான் சேத்த. கொம்பையா, உன் லீவு உனக்கு வேணுமாடா?"

"வேண்டாம் சார்."

"அப்ப வேன மகாபலிபுரத்துக்கு வுடு. என் வூட்டுக்காரி புதுப்புடவை எடுத்து வச்சிட்டா. இல்லன்னா நான் வூட்டுக்கே போக முடியாது."

7

கொம்பையா சொன்னதைக் கேட்டபிறகுதான் மெர்சி காலண்டரை மறுபடி திருப்பினாள். பனி இருந்ததா என்கிறீர்களா? இருந்தது. மெர்சியின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் முழங்கால் வரை வெள்ளை. ஊட்டி வாக்கியத்துக்கு விடுதலை.

இங்கேயே முடித்துவிடலாம். ஆனால் எழுதி வைத்ததைத் திரும்பப் படிக்கும்போது அந்த இரண்டு நிறுத்தங்கள் உறுத்துகின்றன. நிஜமாகவே தப்பித்தவன் உடனே சிரித்திருப்பானே? இரண்டு நிறுத்தம் வரை ஜன்னலில் என்ன பார்த்தான்?

முடிவு ஒன்று: அவன் சொன்னது நிஜம். மூன்று வீடும் நிஜம்.

முடிவு இரண்டு: மூன்று வீட்டையும் அவன் அந்த இரண்டு நிறுத்தத்துக்குள் கட்டினான்.

பொங்கலன்று காலை மாடியில் வீடியோ காலில் அரை மணி நேரம் நின்றான். ஊரில் பானை பொங்குவது எனக்குக் கேட்டது. அவன் முதுகுதான் என் பக்கம் இருந்தது. முதுகை வைத்து என்ன எழுத?

மறுநாள் அவன் அம்மா உச்சிமாகாளி என்னைக் கூப்பிட்டார். மகன் போனை எடுக்கவில்லையாம், தூங்குகிறானா என்று பார்க்கச் சொன்னார். "பையனுக்குப் பொண்ணு பாத்திருக்கீங்களாமே?" என்ற கேள்வி என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஒரு வார்த்தை கேட்டால் கதைக்கு முடிவு கிடைத்துவிடும்.

"அங்க மழ பெஞ்சுதாங்க?" என்று கேட்டேன்.

ஆட்டுக்குட்டிகளைப் பற்றிச் சொன்னார். கரும்பு விலையைத் திட்டினார். "நல்லாச் சாப்பிடுதானாம்மா?" என்றார். சாப்பிடுகிறான் என்று சொல்லிப் போனை வைத்தேன். வைத்தபிறகு எனக்கே தோளிலிருந்து மூட்டையை இறக்கிய மாதிரி இருந்தது. அங்கே மலைமேல் இரண்டு பேர் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். நான் எதையாவது தெரிந்துகொண்டால், அவர்கள் இறங்கி வந்த அன்றைக்கே மாடியிலிருந்து சொல்லிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

உங்களுக்குத் தாங்கவில்லை என்றால் இரண்டில் ஒன்றை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். உச்சிமாகாளியம்மாவின் நம்பரை மட்டும் தரமாட்டேன்.