மாற்றலாகாத நிழல்

கணக்கு வாத்தியார் ஃபத்ஹி கடலோரப் பள்ளிக்கு மாற்றலாகிப் போன திங்கட்கிழமை, அவருடைய நிழல் மட்டும் கரும்பலகைக்கு அருகிலேயே நின்றுவிட்டது. உத்தரவில் நிழலைப் பற்றி ஒரு வரியும் இல்லாததால், தலைமையாசிரியர் நூரி பதிவேட்டில் அதற்கு வருகை போட்டார். ஜபல் அர்ஆர் மலைப்பள்ளிக்கு வரும் வாத்தியார்கள் பெட்டியைத் திறக்குமுன் மாற்றல் விண்ணப்பத்தைத் திறப்பவர்கள். அங்கே ஏழு வருடமாக ஒருவரும் பக்கலோரியா என்ற பள்ளியிறுதிப் பரீட்சையில் தேறியதில்லை. நிழலோ விடுப்பு கேட்கவில்லை, ஃபத்ஹியைப் போலப் பிள்ளைகளை ஆட்டுத்தலையர்கள் என்று வையவுமில்லை. சாக்கட்டியை எடுத்தது, எழுதியது. வெயில் இல்லாத நாளில் மட்டும் வகுப்பு இல்லை.

கடைசி வருட மாணவி மப்ரூக்காவுக்கு அந்த வெயில் உயிர்ப்பிரச்சினை. பரீட்சையில் தோற்றால் அக்காமார் இருவரையும் போலத் தலைநகரில் யார் வீட்டிலோ பாத்திரம் தேய்க்கப் போகவேண்டும். அந்தப் பங்குனியில் புல் கருகியது. ஊரே மழைத்தொழுகைக்குக் கிளம்பியது.

"அப்பா, கொஞ்சம் மெதுவா வேண்டிக்கங்க. பாதிப் பாடம் பாக்கி கெடக்கு."

"ஒன் நிழலுக்காக என் ஆடு பட்டினி கெடக்கணுமாடி?"

"ஞாயித்துக்கெழம பெய்யச் சொல்லுங்க. லீவுதான?"

"அல்லாவுக்கே டைம்டேபிள் போடுறியா நீ!"

திட்டினாலும் அப்படியே வேண்டிக்கொண்டார் அப்பா லஸ்ஹர். அதன்பின் மழை ஞாயிறுதோறும் காலை எட்டுக்குத் தொடங்கி மாலை ஐந்துக்கு நின்றது.

பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கையில் கல்வி ஆய்வாளர் வந்து, தரம் பற்றி ஒன்றரை மணி நேரம் தரமில்லாமல் பேசினார். பிறகு நிழலைக் கண்டார்.

"இதுக்கு நியமன ஆணை எங்கய்யா?"

"ஆணையோட வந்தவுங்க யாரும் நிக்கலீங்களே, ஐயா," என்றார் நூரி.

திங்கட்கிழமைக்குள் நிழலை அப்புறப்படுத்தும்படி சொல்லிவிட்டு ஆய்வாளர் காரில் ஏறினார். அவருடைய நிழல் ஏறவில்லை. இளமையில் அவர் பௌதிக வாத்தியார். நான்கு வருடமாகப் பூட்டிக் கிடந்த ஆய்வுக்கூடத்துக்குள் போய் அது தூசி தட்டத் தொடங்கியது. காரிலிருந்தே அதைப் பார்த்த ஆய்வாளர், 'யாவும் ஒழுங்காக உள்ளன' என்று அறிக்கை எழுதினார்.

கணக்கில் இருபதுக்குப் பதினாலு வாங்கிப் பக்கலோரியா தேறினாள் மப்ரூக்கா. குலவைச் சத்தத்தில் ஆடுகள் மிரண்டு ஓடின. பல்கலைக்கழகத்தில் படிக்கப் புறப்பட்ட காலையில் பள்ளி வாசலைக் கடந்தபோது, அவளுடைய நிழல் உள்ளே திரும்பியது. முதல் வருடப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தர ஆளில்லை என்பது அவளுக்குத் தெரியும். பேருந்தில் ஜன்னலோர இடம் பிடித்து உட்கார்ந்தாள்.