வெளியே இருந்து கட்டிய கதவு

எங்கள் எமர்ஜென்சி வார்டில் என்னோடு டியூட்டி பார்க்கும் ரம்ஸியா அக்கா இன்னும் கேட்கிறாள், நீ ஒரு நர்ஸ்தானே அஜிஷா, உனக்குமா புத்தி கெட்டுப்போச்சு என்று. கேட்கட்டும். சீட் பெல்ட் போடாமல் வந்து கண்ணாடியில் மண்டையை உடைத்துக்கொண்டவர்களை, தையல் போடும்போதே திட்டுகிறவள் நான். அப்படிப்பட்ட நான்தான் போன ஜனவரியில் என் ஏழு வயது மகள் அக்ஸாவைக் கூட்டிக்கொண்டு, ஒரு பிக்கப் இழுத்துக்கொண்டு போன கேரவனுக்குள் ஏறி உட்கார்ந்தேன். கதவை வெளியே இருந்து கயிற்றால் கட்டியவர் என் புருஷன் பெபின்.

கேரவன் என்றதும் சினிமா நடிகர்கள் உட்காரும் ஏசி வண்டியை நினைத்துவிடாதீர்கள். இது இரண்டு சக்கரத்தின் மேல் நிற்கும் ஒரு தகர அறை. எஞ்சின் கிடையாது. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பை இன்னொரு வண்டியின் பின்னால் மாட்டி இழுக்க வேண்டும். உள்ளே முன்பக்கம் ஒரு மேஜையும் இரண்டு பெஞ்சும், நடுவில் அடுப்பு, கடைசியில் ஒரு கட்டில். பெபினுடைய முதலாளிக்குச் சொந்தமானது. அவரை எல்லோரும் அர்பாப் என்பார்கள். குளிர்காலத்தில் ராஸ் அல் கைமா பக்கம் கடற்கரையில் கூடாரம் அடிப்பது அவர் குடும்பத்து வழக்கம். அஜ்மானில் யார்டில் கிடக்கும் கேரவனை அங்கே கொண்டுபோய் நிறுத்து, இரண்டு நாள் குடும்பத்தோடு தங்கிவிட்டு வா என்று பெபினிடம் சொல்லியிருந்தார். நல்ல மனிதர். உள்ளே ஆளை ஏற்றச் சொன்னது அவர் இல்லை.

சிக்கல் பிக்கப்பில் இருந்தது. கம்பெனி பிக்கப்புக்கு முன்னால் மட்டும்தான் சீட். சின்னப் பிள்ளைகளை முன் சீட்டில் உட்கார வைக்கக்கூடாது, கேமரா பிடித்துவிடும். பெபினுக்குக் கேமரா என்றால் குலை நடுங்கும். அதற்கு முந்தின மாதம்தான் வண்டி ஓட்டிக்கொண்டே போனில் பேசி மாட்டி, கம்பெனியில் எழுதி வாங்கியிருந்தார்கள், இன்னொரு தடவை என்றால் வேலை இல்லை என்று. டாக்சி பிடித்துப் போகலாம் என்றேன். கூடாரம் மணலுக்குள்ளே இருக்கிறது, டாக்சிக்காரன் பாதியில் இறக்கிவிடுவான் என்றார். கேரவனுக்குள் உட்கார்ந்தால் எந்தக் கேமராவுக்கும் தெரியாது, திரைச்சீலை இருக்கிறது, கட்டில் இருக்கிறது, பிள்ளை தூங்கிக்கொண்டே வரலாம் என்றும் அவரே சொன்னார்.

இழுத்துக்கொண்டு போகிற கேரவனில் ஆள் இருக்கலாமா என்று கேட்டேன்.

"ஒரு மணிநேரந்தானே பிள்ள. கடல்ல பலகையில உக்காந்து போனவிய நாம. இதுல மெத்தை கெடக்கு, கேட்டியா," என்றார்.

நானும் கடற்கரைக்காரிதான். என் அப்பாவும் வள்ளம் ஓட்டினார், பெபினும் இங்கே ஏசி டெக்னீஷியனாக வருவதற்கு முன்னால் எட்டு வருஷம் கடலுக்குப் போனவர். அதனால்தான் சாமான் ஏற்றும்போது எங்கள் இரண்டு பேருக்குமே தப்பு தெரியவில்லை. வள்ளத்தில் அணியம், அதுதான் முன்பக்கம், லேசாக இருக்க வேண்டும், கனமெல்லாம் பின்னால் இருக்க வேண்டும். முன்னால் கனத்தால் அலையில் மூக்குக் குத்தும். பெபின் அதே கணக்கில் ஐந்து தண்ணீர் கேன், ஐஸ் பெட்டி, கரி மூட்டை, ஜெனரேட்டர் எல்லாவற்றையும் கட்டிலைச் சுற்றிப் பின்பக்கம் அடுக்கினார். நானும் கூடப் பிடித்துக் கொடுத்தேன். அந்த ஜெனரேட்டரை இன்னும் கொஞ்சம் தள்ளி வையுங்கள் என்று வாயைத் திறந்து சொன்னவளும் நான்தான். பிக்கப்பின் பின்பக்கம் அர்பாபின் கம்பளங்களும் கூடாரத் துணியும் மலையாகக் குவிந்திருந்தன. ஓட்டுகிறவருக்குப் பின்னால் இருக்கும் கேரவனின் கண்ணாடி தெரியாது.

கேரவன் கதவின் கொண்டி தேய்ந்திருந்தது. ஆட்டத்தில் திறந்துகொள்ளும் என்று பெபின் வெளியே இருந்து நைலான் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டார். வலையில் போடுகிற முடிச்சு, இழுக்க இழுக்க இறுகும். முடிச்சுப் போடுவதற்கு முன்னால் அக்ஸாவைக் கூப்பிட்டு முட்டுக்குத்தி உட்கார்ந்து சொன்னார், வண்டி எங்கேயாவது நின்று போலீஸ் சத்தம் கேட்டால் மேஜைக்கு அடியில் ஒளிந்துகொள்ள வேண்டும் என்று.

"சத்தம் காட்டப்பிடாது மக்ளே. சத்தம் காட்டுனா அப்பாவ புடிச்சிட்டுப் போயிருவாங்க."

ஹைட் அண்ட் சீக் போலவா என்று கேட்டாள் அக்ஸா. ஆமாம் என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலே ஆத்திரம் வருகிறது.

உம்முல் குவைன் வரைக்கும் ஒன்றும் இல்லை. அக்ஸா கட்டிலில் மல்லாந்து கிடந்து கூரையைப் பார்த்துப் பாட்டுப் பாடினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன். அதன் பிறகு திறந்த பாலைவனம் வந்தது. பக்கவாட்டில் காற்று அடிக்க ஆரம்பித்தது. முதலில் தட்டு ஒன்று கீழே விழுந்தது. அப்புறம் கட்டில் லேசாக இடதுபக்கம் போய் வலதுபக்கம் வந்தது. திரும்பவும் இடதுபக்கம் போனது. அம்மா, தொட்டில் என்றாள் அக்ஸா சந்தோஷமாக.

மலைக்குக் கல் ஏற்றப் போகும் லாரி ஒன்று எங்களைக் கடந்தது. முதலில் அதன் காற்று எங்களைத் தள்ளியது, பிறகு உள்ளே இழுத்தது. கேரவனின் வால் அப்படியே வீசியடித்தது. ஐஸ் பெட்டி எகிறிச் சுவரில் மோதித் திறந்துகொண்டது. மீனும் ஐஸும் தரையெல்லாம் சிதறின. அக்ஸா கட்டிலிலிருந்து உருண்டு என் மடியில் வந்து விழுந்தாள். இப்போது அவள் பாடவில்லை.

போனை எடுத்துப் பெபினைக் கூப்பிட்டேன். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தேன். எடுக்கமாட்டார். கேமராவுக்குப் பயந்து எடுக்கமாட்டார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பதினோரு தடவை அடித்தேன். பிறகு போலீஸுக்குப் போட 999 என்ற நம்பரை அழுத்தினேன். இரண்டு ஒன்பதை அழுத்திவிட்டேன். மூன்றாவதில் விரல் நின்றது. வேலை போய்விடுமே, விசா போய்விடுமே, இன்னும் ஒரே ஒரு தடவை அவரையே கூப்பிட்டுப் பார்ப்போம் என்று தோன்றியது. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அப்படி யோசித்தேனே, பாவி. அதற்குள் அடுத்த ஆட்டம் வந்து போன் கையைவிட்டுப் போனது. ஐஸ் தண்ணீரில் வழுக்கிக் கட்டிலுக்கு அடியில் எங்கோ போய்விட்டது.

கதவைத் தள்ளினேன். கயிறு இறுகியது. ஜன்னல்கள் சின்னவை, ஸ்க்ரூ போட்டு அடைத்தவை. கத்தினால் யாருக்குக் கேட்கும்? அக்ஸாவை ஒரு கையில் இறுக்கிக்கொண்டு, அடுப்பைப் பிடித்து, மேஜையைப் பிடித்து, முன்பக்கச் சுவருக்குத் தவழ்ந்து போய்க் கண்ணாடியில் ஓங்கி ஓங்கி அடித்தேன். எதிரே கம்பளம்தான் தெரிந்தது.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். நாங்கள் முன்னால் வந்ததும் ஆட்டம் ஒரு பிடி குறைந்திருந்தது. பிள்ளையை அங்கே விட்டுவிட்டு, போனைத் தேடலாம் என்று பின்னால் போனேன். உடனே கூடியது. முன்னால் வந்தேன், குறைந்தது. இது வள்ளம் இல்லை. இதைப் பின்னால் இருந்து எதுவும் தள்ளவில்லை, முன்னால் இருந்து இழுக்கிறார்கள். வால் கனத்தால் வால்தான் ஆடும். நாங்களே பார்த்துப் பார்த்து அடுக்கிய சாமான்தான் எங்களை உருட்டிப்போடப் பார்க்கிறது.

அதே நேரம் முன்னால் பிக்கப்பின் எஞ்சின் உறுமுவது கேட்டது. பெபின் வேகத்தைக் கூட்டுகிறார். எனக்கு உயிரே போய்விட்டது, ஏனென்றால் அவர் என்ன நினைக்கிறார் என்று எனக்குத் தெரியும். பின்னால் இருந்து அலை தூக்கி வள்ளம் திரும்பப் பார்த்தால் கடலில் எஞ்சினைக் கூட்டிக் கொடுத்து நேராக்குவார்கள். இவர் ரோட்டிலும் அதையே செய்கிறார்.

சால்வையை எடுத்து அக்ஸாவின் இடுப்பில் சுற்றி, தரையோடு ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருந்த மேஜைக் காலோடு கட்டினேன். வார்டில் நோயாளியைக் கட்டிலோடு கட்டும் அதே கட்டு. பெஞ்சில் கிடந்த மெத்தையை அவளைச் சுற்றி அடைத்தேன். கண்ணை மூடிக்கொள், அம்மா இதோ வந்துவிடுகிறேன் என்றேன். போகாதீங்கம்மா என்று என் கையைப் பிடித்தாள். விரல் விரலாகப் பிரித்துவிட்டுப் போனேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டமான வேலையை நான் செய்ததில்லை.

முதல் தண்ணீர் கேனை இழுத்துக்கொண்டு வந்தேன். இருபது லிட்டர். தரையில் ஐஸ் தண்ணீர், கால் நிற்கவில்லை. முட்டில் தவழ்ந்து, கேனை மார்போடு அணைத்து, மாதாவே மாதாவே என்று சொல்லிக்கொண்டே முன்சுவரில் சேர்த்தேன். இரண்டாவது கேனைக் கொண்டுவரும்போது அடுப்பின் மூலை விலாவில் குத்தியது. மூன்றாவது கேன் வந்ததும் ஆட்டம் நன்றாகவே குறைந்தது. நான்காவதைப் பிடித்து இழுத்துத் திரும்பிய நேரம் அடுத்த லாரியின் ஹாரன் கேட்டது. வால் ஒரே வீச்சாக வீசியது. ஜெனரேட்டர் தன்னைக் கட்டியிருந்த கயிற்றை அறுத்துக்கொண்டு கட்டிலின் மேல் விழுந்தது. பலகை இரண்டாகப் பிளந்தது. கால் மணிநேரத்துக்கு முன்னால் அக்ஸா மல்லாந்து கிடந்து பாட்டுப் பாடிய இடம் அது.

டயர் ஒன்று வெடித்தது. தகரம் ரோட்டில் உரசும் சத்தம் காதைக் கிழித்தது. எஞ்சின் சத்தம் அடங்கியது. எவ்வளவு தூரம் அப்படி இழுபட்டோம் என்று தெரியாது. ஒருபக்கமாகச் சாய்ந்தபடியே கேரவன் நின்றது. கவிழவில்லை. அந்த மூன்று கேன்கள்தான் எங்களைப் பிடித்து நிறுத்தின என்று நான் இன்றும் நம்புகிறேன்.

பெபின் ஓடிவரும் செருப்புச் சத்தம் கேட்டது. கயிற்றைப் பிடித்து இழுத்தார். முடிச்சு வரவில்லை. அஜிஷா, அக்ஸா என்று கூப்பிட்ட அவர் குரல் உடைந்திருந்தது. நான் பதில் சொல்ல மூச்சு எடுக்கும்போது இன்னொரு வண்டி வந்து நிற்பது கேட்டது. பெபின் கயிற்றை இழுப்பது நின்றது. எங்கள் ஆட்டத்தைப் பார்த்துப் பின்னாலேயே வந்திருந்த போலீஸ் வண்டி.

திரைச்சீலை இடுக்கில் பச்சைச் சட்டை தெரிந்தது. போலீஸ்காரர் முதலில் அடிபட்டதா என்று கேட்டார். பிறகு கேரவனில் தட்டி, உருதுவில், உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்.

"மாஃபி சார். கோயி நஹி. மே அகேலா," என்றார் பெபின். யாரும் இல்லை, நான் மட்டும்தான் என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. எங்களை உயிராக நினைப்பவர். போலீஸ் போனதும் திறந்துவிடலாம், அதுவரைக்கும் நாங்கள் பேசாமல் இருந்தால் போதும் என்று நினைத்திருப்பார். பயம் மனிதனை அப்படிப் பேச வைக்கும், இரண்டு ஒன்பதோடு நின்ற எனக்கு அது தெரியாதா? ஆனால் போலீஸ்காரர் வயர்லெஸ்ஸில் ரெக்கவரி வண்டியைக் கூப்பிட்டார். கேரவனை அப்படியே தூக்கி யார்டில் போடச் சொல்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. பெபின் அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

நான் திரும்பி அக்ஸாவைப் பார்த்தேன். மேஜைக்கு அடியில் கட்டியபடியே இருந்தாள். நெற்றி கிழிந்து இரத்தம் கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. துடைத்துக்கொள்ளக்கூடக் கை எடுக்கவில்லை. இரண்டு கையாலும் தன் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டிருந்தாள். அழுகையில் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. ஒரு சத்தம் வரவில்லை.

கீழே கிடந்த குக்கரை எடுத்துச் சுவரில் அடித்தேன். தகரம் நசுங்கும்வரை அடித்தேன். ஆள் இருக்கு, பிள்ளை இருக்கு என்று தமிழில் கத்தினேன்.

போலீஸ்காரர் கத்தியால் கயிற்றை அறுத்தார். உள்ளே பிளந்து கிடந்த கட்டிலையும் மேஜைக் காலில் கட்டியிருந்த பிள்ளையையும் பார்த்தார். பிறகு தானே குனிந்து கட்டை அவிழ்த்து, அக்ஸாவைத் தூக்கி வெளியே கொண்டுவந்தார். பெபின் ரோட்டோரத்து மணலில் முட்டுக்குத்தி உட்கார்ந்திருந்தார். பிள்ளையைத் தொட வந்தவரை இன்னொரு போலீஸ்காரர் தோளைப் பிடித்துத் தங்கள் வண்டிப் பக்கம் நடத்திக்கொண்டு போனார்.

நான் அக்ஸாவை வாங்கி நெற்றியில் துணியை வைத்து அழுத்திப் பிடித்தேன். இரண்டு தையல் போடுகிற காயம், அவ்வளவுதான். அவள் என்னைப் பார்க்கவில்லை. வண்டிக்குள் ஏறுகிற அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"நான் கொயட்டாத்தானே இருந்தேன். நீங்க ஏம்மா தட்டுனீங்க?"